சேம்பருக்குப் போட்ட தகடு

குவாரி ரோடு லாரிகளுக்காகப் போட்ட ரோடு. அதில் கார் போவதென்றால் அந்தக் காரின் தலையெழுத்து அப்படி. பாரம் ஏற்றிய லாரிகள் போய்ப் போய் ரெண்டு பக்கமும் பள்ளம் இறங்கி, நடுவில் மாட்டு முதுகு மாதிரி ஒரு மேடு மட்டும் நிற்கும். மேடு முழுக்க உடைகல். லாரிக்காரனுக்கு அந்த மேடு இருப்பதே தெரியாது, அவன் உட்கார்ந்திருக்கிற உயரம் அப்படி. காருக்கோ, சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வயிறு கல்லில் உரசும். ரோட்டைச் சரிபண்ணச் சொல்லி யாரும் கேட்காமலில்லை. கேட்டவர்களிடம், "லாரி நல்லாத்தானே போகுது?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

காரின் அடிவயிற்றில் என்ஜின் எண்ணெய் நிற்கிற தொட்டி ஒன்று உண்டு. சேம்பர் என்பார்கள். மெல்லிய தகரம்தான். ஒரு கல் பலமாக அடித்தால் கிழியும், எண்ணெய் மொத்தமும் ரோட்டில் ஓடும். அது தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டால் என்ஜின் இறுகிவிடும். அதற்கப்புறம் அது கார் இல்லை, கோழி அடைக்கிற கூடு. குவாரிக் குடியிருப்பில் அப்படி ரெண்டு கூடுகள் ஏற்கெனவே நின்றன. மூன்றாவதாக ஒரு வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது சின்னவளின் அப்பாவுடையது.

பாறைச் சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒட்டடை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த அந்த வீடுகளிலிருந்து டவுனுக்குப் போக வேறு வழி கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மளிகை வாங்குகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அப்பாவின் கார்தான். சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றுவார். வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிடும். மோசமான இடம் வந்ததும், "இறங்கு இறங்கு, வண்டிக்கு வயித்து வலி" என்று எல்லோரையும் இறக்கி நடக்க விட்டு, ஒரு சக்கரத்தை மேட்டிலும் ஒரு சக்கரத்தை ஓரத்திலும் வைத்து, சாய்ந்தபடி ஊர்ந்து கடப்பார். அவ்வளவு பக்குவமாக ஓட்டியும் மாதத்துக்கு ஒரு தடவை சேம்பரில் அடி விழும். அதைப் பார்க்க அடியில் படுக்க வேண்டும். குழி வெட்டி வைத்த ஒர்க்‌ஷாப் எல்லாம் டவுனில். இங்கே மண் தரைதான்.

அப்பா ஒரு தடவை படுத்தார். தொப்பை மாட்டிக்கொண்டது. நாலு பேர் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் குனிவதே இல்லை. அவருடைய ரெண்டு பெண்களில் சின்னவள் ஒல்லி. பள்ளிக்கூடம் படிக்கும்போதே படுக்க ஆரம்பித்தவள், காலேஜ் முடித்தும் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில், அந்தக் குடியிருப்பிலேயே, முதல் டிகிரி அவளுடையதுதான். பெயரே அதுவாகிவிட்டது.

"டிகிரி எங்க?" என்று யாராவது கேட்பார்கள்.

"அடியில கெடக்கு" என்பாள் அம்மா.

இந்த நகைச்சுவைக்கு வயது நாலாகிவிட்டது. இன்னும் சிரிக்கிறார்கள்.

டவுனில் தண்ணீர் பரிசோதனை செய்கிற இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலையில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். தங்குவதற்கு ஹாஸ்டலில் கட்டில்கூடப் பேசியாகிவிட்டது. அப்பா வேண்டாமென்று சொல்லவில்லை. அவர் எதையும் வேண்டாமென்று சொல்ல மாட்டார். "நீ போயிட்டா வண்டிய யாரு பாப்பா?" என்று மட்டும் கேட்பார். சாப்பிடும்போது கேட்பார், துண்டை உதறும்போது கேட்பார், பல் துலக்கும்போது வாயில் நுரையோடு கேட்பார்.

அதற்காகத்தான் தகடு. சேம்பருக்கு அடியில் கனமான இரும்புத் தகடு ஒன்றை மாட்டிவிட்டால் கல் அதில் அடித்துவிட்டுப் போகும், சேம்பருக்கு ஒன்றும் ஆகாது, யாரும் படுக்க வேண்டாம். அவள்தான் யோசனை சொன்னாள். அக்கா வீட்டுக்காரர் குவாரியில் வெல்டர். அத்தான், அத்தான் என்று அவர் காலைச் சுற்றி வந்து சம்மதிக்க வைத்தாள். அவள் ஹாஸ்டல் கட்டில் பேச டவுனுக்குப் போன அன்றைக்கு அவர், பழைய லாரியின் பக்கவாட்டுத் தகட்டை அறுத்து, நாலு விளிம்பையும் தாம்பாளம் மாதிரி மேலே மடித்து, போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்.

"இதுல யானை நின்னாலும் தாங்கும்" என்றார்.

"எண்ணெய் எறக்கறதுக்கு ஓட்டை எங்க அத்தான்?"

"ஓட்டை வெச்சா அதுக்குப் பேரு காவலா?"

அன்றைக்கே சண்டை போட்டிருக்க வேண்டும். வேலை கிடைத்த சந்தோஷத்தில் சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

அதன்பிறகு வண்டி நன்றாகவே ஓடியது. அந்தக் குடியிருப்பில் காலையில் வண்டி எடுக்கும் யாரும் முதலில் செய்கிற காரியம், ராத்திரி வண்டி நின்ற தரையைப் பார்ப்பது. எண்ணெய்ச் சொட்டு விழுந்திருந்தால் மண் கறுத்திருக்கும். தகடு போட்ட நாளிலிருந்து தரை சுத்தமாக இருந்தது. அப்பா தினமும் பார்த்தார். தினமும் திருப்திப்பட்டார்.

போகிறதுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைசியாக ஒரு தடவை எண்ணெய் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று சின்னவள் சாக்கை விரித்தாள். எண்ணெய் இறக்க வேண்டுமென்றால் தகடு மொத்தத்தையும் கழற்ற வேண்டும். வெயில் பாறையில் பட்டுத் திரும்பி வந்து முகத்தில் அறைந்தது. முன் சக்கரங்களைக் கல் துண்டுகள் மேல் ஏற்றி நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, அப்பா ஒதுங்கி நின்றார். அவள் மல்லாந்து உள்ளே நகர்ந்தாள்.

முன்பக்கத்து போல்ட் ரெண்டும் வந்துவிட்டன. பின்பக்கத்தில் இடது போல்ட்டும் வந்தது. வலது போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அதில் சுற்றிவிட்டு, தகட்டைத் தாங்கியிருந்த கையை எடுத்தாள். அவ்வளவுதான். தகட்டின் முன்பக்கம் சடாரென்று இறங்கி நெஞ்சில் உட்கார்ந்தது. கூடவே எண்ணெய். கருப்பாக, புழுதியோடு குழைந்து, கூழ் மாதிரி கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் இறங்கியது.

"யப்பா!"

"என்னாச்சு?"

"தகடு மேல விழுந்துடுச்சு. நகர முடியல."

"வெளிய வந்துடு."

"நகர முடியலன்னுதானே சொல்றேன்!"

அப்பா வண்டியைச் சுற்றி ஓடினார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். அவர் செருப்பின் சத்தம் மட்டும் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு பக்கம் தகடு, ஒரு பக்கம் சக்கரம், தலைமாட்டில் கல். ஒற்றை போல்ட்டில் தொங்குகிற தகடு மேலேயும் போகாது, பக்கத்திலும் போகாது. மூச்சை முழுசாக இழுத்தால் விளிம்பு நெஞ்சில் பதிந்தது. அரை மூச்சு அரை மூச்சாக விட்டாள்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். பார்த்தாள். கத்தவில்லை. ஜாக்கியை இழுத்துக்கொண்டு வந்து, குப்புறப் படுத்துத் தகட்டுக்கு அடியில் தள்ளினாள்.

"கையில எட்டுதா?"

"எட்டுதும்மா. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு. ம். போதும்."

சின்னவளே படுத்த வாக்கில் ஜாக்கியைச் சுற்றினாள். தகடு நெஞ்சை விட்டு ரெண்டு விரற்கடை மேலே போனது. முழு மூச்சு வந்தது. ஆனாலும் வெளியே வர வழியில்லை. அந்தக் கடைசி போல்ட் வந்தால்தான் தகட்டைத் தள்ளிவிட்டு வர முடியும். போல்ட் வர வேண்டுமென்றால் மண்ணெண்ணெய் ஊற வேண்டும்.

"எவ்ளோ நேரம்டி ஊறணும்?"

"எனக்கென்ன தெரியும்? துருவுகிட்ட கேளு."

"வாய் மட்டும் நசுங்கல" என்றாள் அம்மா. எழுந்து போகவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு அத்தானைக் கூட்டி வந்தார். அத்தான் சட்டை போடாமல், சாப்பிட்ட கை காயாமல் வந்தார்.

"என்ன டிகிரி, என் தகட்டுக்கு அடியில தூக்கமா?"

"உங்க தகடுதான் அத்தான் என் மேல தூங்குது."

"பாத்தியா கனத்த? நான் சொல்லல? யானை நிக்கும்."

"மாப்ள, அவ உள்ள மாட்டிட்டிருக்கா" என்றார் அப்பா.

"தெரியுது மாமா. நான் கனத்தச் சொன்னேன்."

சின்னவள் காதைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையும் எண்ணெய். "அப்பா, இந்தத் தாம்பாளம் நெறய எண்ணெய். எங்கேருந்து வந்துச்சு? குச்சி வெச்சு அளவு பாக்கலயா நீங்க?"

"பாத்தேன்."

"கொறயலயா?"

"கொறஞ்சிருந்துச்சு. ஊத்துனேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா சொன்னாள். "வண்டி எண்ணெய் குடிக்குதுன்னாரு. இந்த வீட்டுல அதாவது வயிறு நெறயக் குடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"தரையில ஒரு சொட்டு இல்லயே!" அப்பாவுக்குக் கோபம் வந்தது. "தெனமும் பாக்கறேன். சொட்டு இல்ல. அப்புறம் எப்படி ஒழுகுதுன்னு நெனக்கறது?"

"சொட்டுனா தகட்டுலதானே சொட்டும்? இவருதான் நாலு பக்கமும் கரை கட்டி வெச்சிருக்காரே. ஊர்க் கிணறு மாதிரி நெறஞ்சிருக்கு" என்றாள் சின்னவள்.

"இந்தா," என்றார் அத்தான். "மடிப்பு பலத்துக்கு. மடிப்பு இல்லன்னா தகடு வளையும். என் வேலையில கொறை சொல்லாத."

"சொல்லல அத்தான். குளிச்சிட்டிருக்கேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஒரு லாரி போனது. தரை அதிர்ந்து, காரின் வயிற்றிலிருந்து புழுதி சின்னவளின் கண்ணில் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"சத்தம் ஏதாவது வந்துச்சாப்பா?"

"வந்துச்சு. டக்கு டக்குன்னு. மாப்ளகிட்ட கேட்டேன்."

"புதுத் தகடு கொஞ்ச நாள் பேசும்னு சொன்னேன். பேசத்தானே செய்யும்?"

அவள் ஜாக்கியின் பக்கமாகத் தகட்டுக்கு மேலே கையை விட்டுத் துழாவினாள். கூழுக்குள் விரல் போனது. கடினமாக ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தாள். ஒரு உடைகல். கோழிமுட்டை அளவு. முன்பக்க இடுக்கு வழியாக எகிறி உள்ளே விழுந்திருக்கிறது. போக வழி இருந்தது, வர வழியில்லை. தகட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் சேம்பரில் தலையை முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. முட்டி முட்டி அதன் ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. சேம்பரிலும் அந்த இடம் குழிந்து, நடுவில் ஊசிமுனை அளவுக்கு எண்ணெய் கசிந்தது.

கல்லை வெளியே உருட்டிவிட்டாள். அது அப்பாவின் கால்பக்கத்தில் போய் நின்றது.

"பேசுனது இவருதான்" என்றாள்.

அத்தான் கல்லை எடுத்து, பேன்ட்டில் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளிய இருக்கற கல்லு என் தகட்டத் தாண்டி அடிக்கல. அத ஒத்துக்கணும்."

"ஒத்துக்கறேன். உள்ள வந்து உக்காந்துகிட்டு அடிச்சிருக்கு."

"இன்னும் நாலு நாள் ஓடியிருந்தா ஓட்டையாயிருக்குமா?" அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கே ஆகியிருக்கும். நாளைக்கு நானும் அதுலதானே போறேன். நடு ரோட்டுல நின்னிருப்போம்."

"அதான் சொல்றேன்" என்று அப்பா பிடித்துக்கொண்டார். "நாளைக்கு இப்படி ஒண்ணு ஆனா யாரு பாக்கறது? நீ ஒரு வாரம் கழிச்சுப் போயேன். கேட்டுப் பாரு. மனுஷங்கதானே அவங்களும்?"

"நாளைக்குச் சேரலன்னா வேற ஆளு."

"வேற வேல வராதா? டிகிரி இருக்கில்ல?"

"டிகிரி அடியில கெடக்குப்பா."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. படுத்திருக்கும்போது அழுதால் கண்ணீர் காதுக்குள் போகிறது. காதில் ஏற்கெனவே எண்ணெய். அழுகைக்குக்கூட இடமில்லாத ஒரு இடத்தில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்ததும் கையில் ஆத்திரம் ஏறியது. ஸ்பானரை எடுத்து போல்ட்டில் மாட்டி ரெண்டு கையாலும் இழுத்தாள். காலைச் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். கிரீச் என்று ஒரு சத்தம். அசைந்தது.

தகட்டை இறக்கித் தள்ளி வெளியே வந்தபோது அவள் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. அம்மா துணியும் சீயக்காயும் கொண்டு வந்தாள். சின்னவள் துடைத்துக்கொள்ளவில்லை. முதலில் வேலை என்றாள். எண்ணெய் முழுசும் இறக்கி, குழிந்த இடத்தை அரத்தாலும் துணியாலும் சுத்தம் செய்தாள். அத்தான் ரெண்டு பிசினைச் சேர்த்துப் பிசைகிற பசையைக் கொண்டு வந்தார். அதைத் தட்டையாக வைத்து அழுத்தி, மேலே ஒரு தகரத் துண்டை ஒட்டினாள். சாயந்தரத்துக்குள் இறுகிவிடும். காலையில் புது எண்ணெய் ஊற்றினால் டவுனுக்குப் போய்விடலாம். அங்கே சேம்பரைக் கழற்றிப் பித்தளை வைத்து அடைத்துக்கொள்ளலாம்.

அம்மா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். சின்னவளுக்கு மட்டும் டம்ளரைக் கையில் கொடுக்காமல் வாயில் வைத்து ஊட்டினாள். சர்க்கரை அதிகம் போட்டிருந்தாள். எண்ணெய் வாடையில் அதுவும் தெரியவில்லை.

"இப்ப தகடு" என்றார் அத்தான். அவருக்கும் ரோஷம் வந்திருந்தது. வெல்டிங் மெஷினுக்காக வீட்டிலிருந்து இழுத்து வந்த வயருக்குப் பக்கத்தில் தகட்டைக் கிடத்தி, சாக்பீஸை எடுத்தார். "மடிப்புல நாலு எடத்துல காடி மாதிரி வழி வெட்டறேன், எண்ணெய் தங்காது. முன்னாடி இடுக்க அடைக்கறேன், கல்லு வராது. எண்ணெய் எறக்கற எடத்துல ஓட்டையும் வெக்கறேன். போதுமா? தகட்டக் கழட்டாமயே எறக்கிக்கலாம்."

"போதும் அத்தான்."

"கைய வை."

"எதுக்கு?"

"அளவுக்கு. உன் கை போற அளவு வெட்டிட்டா சரிதானே?"

அவள் கையைக் கொண்டுபோய்த் தகட்டில் வைத்தேவிட்டாள். பழக்கம். சாக்பீஸ் கட்டைவிரலைச் சுற்றி வரும்போதுதான் உறைத்தது. கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"என் கை எதுக்கு?"

"வேற யாரு கை?"

"அப்பா கை. நான் நாளைக்குப் போறேன்."

அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, ஓரமா வெட்டுனா அடியில படுக்கக்கூட வேண்டாம். ஸ்டியரிங்க இந்தப் பக்கம் ஒடிச்சு வெச்சிட்டு, சக்கரத்துக்குப் பின்னாடியிருந்து கைய விட்டா போல்ட் எட்டும். உக்காந்தபடியே பண்ணலாம். வந்து கைய வைங்க."

"என் கை அளவுக்கு வெட்டுனா தகடு தாங்குமா?" என்றார் அப்பா. கேள்வி அத்தானைப் பார்த்து.

"கஷ்டம்தான் மாமா. பெரிய ஓட்டை. கல்லு உள்ள வரும்."

"வந்தா வரட்டும். வந்த கல்லு வெளிய போகவும் வழி இருக்கும்ல?" என்றாள் சின்னவள்.

"இப்ப எதுக்கு இவ்ளோ பேச்சு?" அப்பா சமாதானமாகச் சொன்னார். "மாசத்துக்கு ஒருக்கா நீ வரத்தானே போற? அப்ப பாத்துக்கலாம்."

"வருவேன். சோறு திங்க வருவேன். எண்ணெய் எறக்க வரமாட்டேன்."

"அப்பன் வண்டிக்குச் செய்யக் கூடாதா?"

"செஞ்சேன்ல? இன்னிக்கு வரைக்கும் செஞ்சேன்ல? எனக்கு நெஞ்சு வலிக்குதுப்பா. தகடு விழுந்த எடம் வலிக்குது. அத ஒருத்தர்கூட இன்னும் கேக்கல."

அப்பாவின் கைகள் ரெண்டும் பின்னால் போய், முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் அந்தக் கை இனி முன்னால் வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அத்தான் சாக்பீஸை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பாறைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா, அவற்றைக் கீழே வைத்தாள். வந்து தகட்டின் முன்னால் உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்து, விரலை விரித்து, இரும்பில் வைத்தாள்.

"போடுங்க மாப்ள."

அத்தானுக்கு நிம்மதி. அம்மாவின் கை சின்னவளின் கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. தகடு தாங்கும். சாக்பீஸ் சரசரவென்று சுற்றியது.

"ஏம்மா? நீ ஏம்மா?"

"அவரு குனிய மாட்டாருடி. உனக்குத் தெரியாதா?"

"அதுக்கு?"

"நாளைக்கு நீ வண்டியேறணும். ஏறணுமா வேண்டாமா?"

சின்னவள் அத்தானின் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கினாள். அந்தக் கோட்டுக்கு வெளியே, சோற்றுத் தட்டு அகலத்துக்குப் பெரிய வட்டமாகப் போட்டாள். போட்டு அதன் மேலேயே மறுபடியும் போட்டாள். சாக்பீஸ் ஒடிந்தது. "இதுதான் அளவு. யாரு கையும் போகும். ஓரத்த மடிச்சு வெல்டிங் வைங்க, தாங்கும்."

அத்தான் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். ஓட்டை எவ்வளவு பெரிதாக இருந்தால் அவருக்கென்ன?

"எடுங்க அத்தை, வெட்டணும்" என்றார் அத்தான்.

அம்மா கையை எடுக்கவில்லை. பெரிய வட்டத்துக்கு நடுவில் அந்தக் கை அப்படியே இருந்தது. நிமிர்ந்து மகளைப் பார்த்துக் கேட்டாள்.

"எந்தப் பக்கம் திருப்புனா கழலும்? அத மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போ."

சின்னவளுக்குப் பதில் தெரியும். அது நாக்கில் வந்து நின்றுகொண்டிருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தாள். சொல்லாவிட்டால் நாளைக்குப் போக முடியாது.

"இடது பக்கம்மா" என்றாள்.

அம்மா கையை இடது பக்கமாக மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.